தமிழ் வகுப்பின் கடைசி ஒரு மணி நேரம்: நம் தமிழ்ப்பள்ளி நிர்வாகக் குழுவுக்கும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகக் குழுவினருக்கும், ஞாயிறுதோறும் வகுப்பு வாசலில் காத்திருக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம்.

போன வாரம் வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்பை நானும் படித்தேன். வரும் ஆகஸ்ட் முதல் நிலை ஆறு, நிலை ஏழு பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பின் கடைசி ஒரு மணி நேரத்தை எடுத்து, அதில் "எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. இரண்டுக்கும் சேர்த்துக் கணக்குப் பயிற்சி" நடத்தப் போகிறீர்கள். இரண்டுமே அமெரிக்கக் கல்லூரிகளில் சேர நம் பிள்ளைகள் எழுதும் தேர்வுகள். எட்டாம் வகுப்பிலிருந்தே சேரலாம் என்று அடியில் ஒரு குறிப்பு. அதற்கும் அடியில் வரிசையாகக் கட்டைவிரல்கள். என் விரல் மட்டும் அதில் இல்லை. ஏன் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். குழுவிலேயே பதில் எழுதினால் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும், பாதியில் யாராவது "காலை வணக்கம்" படம் போட்டுவிடுவார்கள். அதனால் மடலாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. கணக்கு எனக்கு எதிரி இல்லை. திருநெல்வேலியில் கணக்கில் பட்டம் வாங்கியவள் நான். இந்த ஊருக்கு வந்து இரண்டு பிள்ளைகளை இந்தத் தேர்வுகளுக்குள் அனுப்பி வெளியே எடுத்திருக்கிறேன். ஒன்பது வருஷமாக நிலை ஐந்துக்குத் தமிழும் சொல்லிக் கொடுக்கிறேன். ஆக, இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தம்தான்.

தேர்வே வேண்டாம் என்றும் நான் சொல்ல வரவில்லை. கொரோனா சமயத்தில் கல்லூரிகள் மதிப்பெண் கேட்காமல் விட்டபோது எல்லோரையும் போல நானும் பெருமூச்சு விட்டேன். அது ரொம்ப நாள் நீடிக்கவில்லை. எம்.ஐ.டி. 2022 மார்ச்சிலேயே திரும்பக் கேட்க ஆரம்பித்தது. அவர்கள் சொன்ன காரணத்தில் பெரும்பங்கு கணக்குதான்: அங்கே என்ன படிக்கச் சேர்ந்தாலும் இரண்டு பருவம் கால்குலஸும் இரண்டு பருவம் இயற்பியலும் முடித்தாக வேண்டும், அதைத் தாங்குமா என்று முன்கூட்டிப் பார்க்க மதிப்பெண் உதவுகிறது என்றார்கள். 2024-இல் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் என்று வரிசையாகத் திரும்பின. நம்மூர்ப் பிள்ளைகள் முதலில் நினைக்கும் ஆஸ்டின் டெக்சஸ் பல்கலைக்கழகமும் அதே 2024 மார்ச்சில் தேர்வைக் கட்டாயமாக்கியது. பள்ளியில் முதல் 5 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் அங்கே இடம் உறுதி என்று வாசலில் பேசிக்கொள்கிறோம். இடம் உறுதிதான், கம்ப்யூட்டர் சயின்ஸ் உறுதி இல்லை. அதற்குத் தனியாகப் போட்டி.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் மட்டும் இன்னும் இந்த மதிப்பெண்களைப் பார்ப்பதில்லை. அதன் சான் டியேகோ வளாகத்தின் குழு ஒன்று 2025 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில், புதிதாகச் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு உயர்நிலைப்பள்ளிக் கணக்கே சரியாக வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அது அவர்கள் பாடு. நம் பிள்ளைகள் தேர்வு எழுதத்தான் போகிறார்கள்.

என் வழக்கு அந்த "இரண்டுக்கும் சேர்த்து" என்ற சொல்லோடும், "எட்டாம் வகுப்பிலிருந்தே" என்ற சொல்லோடும்தான்.

மகள் கதையைச் சொல்கிறேன். புதிதாக வந்தவர்களுக்கு இது பழங்கதை. 2018-இல் எஸ்.ஏ.டி. போக, பாடவாரியாகத் தனித் தேர்வுகளும் இருந்தன. கணக்கில் இரண்டு: லெவல் 1, லெவல் 2. இரண்டிலும் 60 நிமிடத்தில் 50 கேள்வி. தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் கழிப்பார்கள். லெவல் 1 இரண்டாம் இயற்கணிதத்தோடு (அல்ஜீப்ரா 2) நின்றுவிடும். லெவல் 2-இல் திரிகோணமிதி, மடக்கை என்று முன்கால்குலஸ் பாடமும் சேரும். நாங்கள் அனுப்பிய பயிற்சி மையத்தில், "லெவல் 1 சுலபம், கண்ணை மூடிக்கொண்டு முழு 800 வாங்கிவிடுவாள்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். எது சுலபமோ அதை எழுது என்பதுதானே நம் ஊர் புத்தி.

அவளுக்கு நான்கு தப்பு. 800 போயிற்று. லெவல் 1-இல் ஒன்றிரண்டு தப்பிலேயே 800 கைவிட்டுப் போய்விடும். லெவல் 2-இல் ஆறேழு கேள்வி தவறினாலும் 800 கிடைக்கும், அளவுகோல் அப்படி. கடினமான தேர்வில் தாராளம், சுலபமான தேர்வில் கஞ்சத்தனம். அந்த மையத்தில் யாரும் இதை எங்களிடம் சொல்லவில்லை. அதைவிடக் கொடுமை, அவள் ஆசைப்பட்ட கால்டெக் அப்போது கணக்கில் லெவல் 2-ஐத்தான் கேட்டது. கல்லூரியின் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. பார்க்காமல் பணம் கட்டி, மூன்று மாதம் படித்து, தப்பான தேர்வை எழுதி, மறுபடி சரியான தேர்வையும் எழுதினாள். பள்ளியில் அப்போது அவள் முன்கால்குலஸ்தான் படித்துக்கொண்டிருந்தாள் என்பது இன்னொரு வேடிக்கை. லெவல் 2-இன் பாடம் முழுக்கத் தினமும் அவள் பையிலேயே இருந்தது.

2021 ஜனவரியில், எஸ்.ஏ.டி.யை நடத்தும் காலேஜ் போர்டு அந்தப் பாடத் தேர்வுகளையே இழுத்து மூடிவிட்டது. மகளும் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டாள். ஆனால் "எது சுலபம்?" என்ற கேள்வி மட்டும் ஆளை மாற்றிக்கொண்டு திரும்ப வந்திருக்கிறது. இப்போது அது எஸ்.ஏ.டி.யா ஏ.சி.டி.யா என்று கேட்கிறது. நாம் அதற்கு, "இரண்டையும் எழுதிவிடலாம்" என்று இன்னும் மோசமான ஒரு பதில் கண்டுபிடித்திருக்கிறோம்.

இரண்டையும் எழுதுவதில் என்ன லாபம் என்று யாராவது சொல்லுங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் இரண்டையும் ஒரே தட்டில்தான் வைக்கின்றன. காலேஜ் போர்டும் ஏ.சி.டி. நிறுவனமும் சேர்ந்தே 2018-இல் ஓர் ஒப்பீட்டு அட்டவணை வெளியிட்டன. ஏ.சி.டி.யில் 34 என்றால் எஸ்.ஏ.டி.யில் 1490-க்கும் 1520-க்கும் நடுவில் என்று அதில் இருக்கிறது. 34-ஐயும் 1500-ஐயும் சேர்த்து அனுப்பினால் யாரும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். எழுதிய எல்லா மதிப்பெண்ணையும் அனுப்பு என்று கேட்கும் ஜார்ஜ்டவுன் மாதிரிக் கல்லூரிகளும் உண்டு. அங்கே இரண்டிலும் அரைகுறையாக எழுதியது அப்படியே தெரியும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று பிள்ளையை நிறுத்துவதற்கு நாம் ஒரு மணி நேரத் தமிழைக் கொடுக்கப் போகிறோம்.

இரண்டும் ஒரே கணக்குதானே, ஒன்றுக்குப் படித்தால் இன்னொன்றுக்கும் ஆயிற்று என்று நம் குழுவின் பொருளாளர் சொன்னாராம். நானும் அப்படித்தான் நினைத்தேன், மகனை வைத்துப் பார்க்கும் வரை.

எஸ்.ஏ.டி. 2024 மார்ச் முதல் இங்கே முழுக்கக் கணினியில். கணக்கு இரண்டு பாகம். ஒவ்வொன்றிலும் 35 நிமிடம், 22 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஏறக்குறைய நாலில் ஒரு கேள்விக்கு விடைகளே கொடுக்க மாட்டார்கள், நாமே தட்டச்ச வேண்டும். சூத்திரத் தாள் திரையிலேயே உண்டு. டெஸ்மோஸ் கால்குலேட்டரும் அதிலேயே இருக்கிறது. இரண்டு சமன்பாட்டை அதில் அடித்தால் கோடுகள் வரும். வெட்டும் புள்ளியைத் தொட்டால் விடை வரும். லாக் புக்கைப் புரட்டிப் புரட்டி விரல் தேய்ந்த எனக்கு முதலில் இது அழுகுணி ஆட்டமாகத்தான் பட்டது. பரவளையம் கீழே எங்கே திரும்புகிறது என்பதை மகன் விரலால் தொட்டுக் காட்டியபோது கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏ.சி.டி.யின் குணமே வேறு. முன்பு 60 நிமிடத்தில் 60 கேள்வி. 2025-இல் மாற்றினார்கள்: இப்போது 50 நிமிடத்தில் 45. கொஞ்சம் மூச்சு விடலாம், ஆனாலும் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடமும் சில விநாடிகளும்தான். எல்லாமே கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. சூத்திரம் ஒன்றும் தர மாட்டார்கள். கேள்விகள் நேராக இருக்கும், ஆனால் பாடப்பரப்பு அகலம். அணிகள் (மேட்ரிக்ஸ்), மடக்கை என்று எஸ்.ஏ.டி. எட்டிப் பார்க்காத மூலைகளிலிருந்தும் ஒன்றிரண்டு வரும். அறிவியல் பகுதி இப்போது விருப்பப் பகுதி ஆகிவிட்டது.

மொத்த மதிப்பெண்ணில் கணக்கின் பங்கு எவ்வளவு என்பதை மட்டும் வாசலில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. எஸ்.ஏ.டி.யில் 1600-க்கு 800 கணக்கு. சரிபாதி. ஏ.சி.டி.யில் இப்போது ஆங்கிலம், கணக்கு, வாசிப்பு மூன்றின் சராசரி. மூன்றில் ஒரு பங்குதான் கணக்கு. கணக்கில் புலி, வாசிப்பில் சுமார் என்றால் எஸ்.ஏ.டி. அந்தப் பிள்ளைக்குச் சாதகம். கணக்கு சுமார், மற்ற இரண்டிலும் கெட்டி என்றால் ஏ.சி.டி. கைகொடுக்கும். நம் வீடுகளில் இரண்டு வகையும் இருக்கிறது. இரண்டாவது வகை இருப்பதை வெளியே சொல்ல மட்டும் நமக்குக் கூச்சம்.

இனி கேசரி கதை. மகன் பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில், காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் இலவசமாகக் கிடைக்கும் முழு மாதிரித் தேர்வை ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினான். முடித்துவிட்டு வந்து, "கணக்குல ரெண்டாவது பாகம் ரொம்ப ஈஸிம்மா, பாதி நேரம் சும்மா உக்காந்திருந்தேன்" என்றான். எனக்குச் சந்தோஷம். கேசரி கிண்டினேன். முந்திரி தாளிக்கும்போது மதிப்பெண் வந்தது. 600-ஐக்கூடத் தொடவில்லை.

கேசரியை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்து படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. முதல் பாகத்தை எப்படிப் போடுகிறோம் என்பதைப் பார்த்து, இரண்டாவது பாகத்தைக் கடினமாகவோ சுலபமாகவோ அந்தத் தேர்வே மாற்றிக்கொள்கிறது. சுலபமானது வந்துவிட்டால் அதை முழுக்கச் சரியாகப் போட்டாலும் உச்சத்துக்குப் போக முடியாது. இவன் முதல் பாகத்தில் வேகம் காட்டுவதாக நினைத்துக் கவனக்குறைவாக நிறைய விட்டிருக்கிறான். "x என்ன" என்று கண்டுபிடித்துவிட்டு, கேள்வி "2x என்ன" என்று கேட்டதைப் பார்க்காமல் போன தப்புகள். இரண்டாவது பாகம் சுலபமாக இருந்ததே கெட்ட சகுனம்.

அடுத்த சனிக்கிழமை ஏ.சி.டி. மாதிரி. ஐம்பதாவது நிமிடம் நான் கடிகாரத்தை நிறுத்தியபோது ஒன்பது கேள்விகளை அவன் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பார்த்ததில் தப்பு குறைவுதான். அதாவது, அவனுக்குத் தெரியாத கணக்கு இரண்டிலுமே அதிகம் இல்லை. ஒன்றில் அவசரம் கெடுத்தது, இன்னொன்றில் நிதானம் கெடுத்தது. அவசரத்தைத் திருத்துவது எளிது என்று பட்டது. அவனே எஸ்.ஏ.டி. என்று சொன்னான். முதல் பாகத்தில் ஒவ்வொரு கேள்வியின் கடைசி வரியையும் விரல் வைத்து இரண்டு முறை படிப்பது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டான். அவ்வளவுதான் "பயிற்சி". பதினொன்றாம் வகுப்பு அக்டோபரில் எஸ்.ஏ.டி.யின் முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி. எப்படியும் வரும். நேஷனல் மெரிட் உதவித்தொகைப் பட்டியலுக்கு அந்த மதிப்பெண்தான் கணக்கு, அதுவும் எஸ்.ஏ.டி. அச்சில் வார்த்ததுதான், ஆகவே ஒரே உழைப்பு இரண்டுக்கும் ஆயிற்று. மார்ச்சில் ஒரு முறை, மே மாதம் ஒரு முறை எழுதினான். அதோடு நிறுத்திக்கொண்டோம்.

எங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டுப் பெண் நேர் எதிர். சின்ன வயதில் அபாகஸ் போனவள், கை பறக்கும். ஆனால் விடை கொடுக்காமல் வெறும் கட்டத்தைக் காட்டினால் மனசு நின்றுவிடும். போட்ட விடை சரியா என்று மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பாள். நான்கு விடைகளில் தன் விடை இருப்பதைப் பார்த்துவிட்டால் போதும், அடுத்ததற்குத் தாவிவிடுவாள். அவளுக்கு ஏ.சி.டி. செருப்புப் போலப் பொருந்தியது. அவள் அம்மா முதலில், "எல்லோரும் எஸ்.ஏ.டி. எழுதுகிறார்களே" என்று ஆறு மாதம் அதிலேயே தள்ளிக்கொண்டிருந்தார். அந்த ஆறு மாதம் அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

இந்த இரண்டு பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைத்து, "இரண்டுக்கும் சேர்த்து" என்ன சொல்லிக் கொடுப்பீர்கள்? ஒருவனை மெதுவாகப் போ என்று சொல்ல வேண்டும், இன்னொருத்தியை வேகமாகவே போ என்று விட வேண்டும்.

எட்டாம் வகுப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் வாதிட ஒன்றும் இல்லை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் எட்டாம் வகுப்பில் முதல் இயற்கணிதம் படிக்கிறார்கள். அப்புறம் வடிவியல், அப்புறம் இரண்டாம் இயற்கணிதம். இருபடிச் சமன்பாட்டைப் பள்ளியில் இன்னும் ஆழமாகப் பார்க்காத பிள்ளைக்கு அதை வைத்துத் தந்திரம் சொல்லிக் கொடுத்தால், தந்திரம் மட்டும் நிற்கும். பத்தாம் வகுப்பில் பாடம் வரும்போது, "இது எனக்குத் தெரியும்" என்று காதை மூடிக்கொள்ளும். என் நிலை ஐந்திலேயே இதைப் பார்க்கிறேன்: எழுத்துக் கூட்டத் தெரியாமல் பாட்டை மனப்பாடம் செய்துவிட்ட குழந்தைக்குத்தான் எழுத்துச் சொல்லிக் கொடுப்பது மிகவும் கடினம்.

செலவும் இருக்கிறது. வெளியிலிருந்து ஆசிரியரை அழைத்து, ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று அறிவிப்பில் போட்டிருக்கிறீர்கள். கான் அகாடமி இணையதளத்தில் எஸ்.ஏ.டி. கணக்கு முழுக்க இலவசம், காலேஜ் போர்டோடு சேர்ந்தே நடத்துகிறார்கள். ஏ.சி.டி.யும் மாதிரித் தேர்வை இலவசமாகவே கொடுக்கிறது. பணம் கட்டினால்தான் பிள்ளை படிக்கும் என்று சில அப்பாக்கள் சொல்வார்கள். அந்த அப்பாக்களிடம் நான் வாதாடுவதில்லை.

அப்புறம் தமிழ். நிலை ஏழில் இருப்பது பதினொரு பிள்ளைகள். நிலை ஒன்றில் சேர்ந்த நாற்பது பேரில் மிச்சம் அந்தப் பதினொன்று. அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் அவர்கள் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாய்விட்டுப் பேசுகிறார்கள். போன மாதம் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். ஒரு பையன் தன் தாத்தாவோடு தொலைபேசியில் பேசியதை அப்படியே நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். தாத்தா, "சாப்பிட்டியாடா?" என்று மூன்று முறை கேட்டதாகவும், மூன்று முறையும் இவன் வேறு வேறு விதமாகப் பதில் சொன்னதாகவும். வகுப்பே சிரித்தது. சிரித்த பதினொரு பேருக்கும் அந்தத் தமிழ் புரிந்திருக்கிறது. வாரத்தில் வேறு எந்த மணி நேரத்திலும் அது நடப்பதில்லை, வீட்டில்கூட. கணக்குக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளி இருக்கிறது.

ஆகவே என் கோரிக்கை இது. ஆகஸ்ட் வகுப்பைக் கைவிடுங்கள். அதற்குப் பதில், ஜூன் மாதம் இரண்டு சனிக்கிழமை நம் கூடத்தைத் திறந்து விடுங்கள். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் மட்டும் வரட்டும். முதல் சனிக்கிழமை புளூபுக்கில் எஸ்.ஏ.டி. மாதிரி, அடுத்த சனிக்கிழமை ஏ.சி.டி. மாதிரி. நிஜ நேரம், நிஜ இடைவேளை, கைப்பேசி கூடையில். பெற்றோர் உள்ளே வரக் கூடாது, ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கவும் கூடாது. இதை ஏன் எழுதுகிறேன் என்று சிலருக்குத் தெரியும். முடிந்ததும் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், எத்தனை கேள்வியைத் தொடவே இல்லை, எத்தனை தெரிந்தே தப்பானது, எத்தனை உண்மையிலேயே தெரியாதது என்று பிள்ளையே மூன்று பத்தியாகப் பிரித்து எழுதட்டும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். விண்ணப்பிக்க நினைக்கும் கல்லூரிகளின் பக்கங்களை நீங்கள் திறந்து பாருங்கள், அது நம் வேலை. என் மகளுக்கு நான் செய்யாமல் விட்ட வேலை.

மேற்பார்வைக்கு இரண்டு நாளும் நானே உட்காருகிறேன். ஒன்பது வருஷமாகப் பிள்ளைகளை மிரட்டிப் பழகிய குரல் இருக்கிறது. எனக்குக் கூடத்தின் சாவியும், கூடவே ஒருவரும் போதும். ஃபிளாஸ்கில் காபி நான் கொண்டுவருகிறேன். பிள்ளைகளுக்கு இடைவேளையில் ஏதாவது கொடுக்க வேண்டும். வடை செய்கிறேன் என்று யாராவது சொன்னால் சந்தோஷம், ஆனால் டிஷ்யூவும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், எண்ணெய்க் கையோடு மடிக்கணினியைத் தொட விட மாட்டேன். கேசரி மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
நிலை ஐந்து ஆசிரியை